நியமனம் செய்த கை: வில்லிங்டன் பிரபுவும் ஆதி திராவிடர் பிரதிநிதித்துவமும்

வடசென்னையில் மெட்ரோ ரயிலில் செல்பவர்கள் காலடிப்பேட்டை என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்ததும், ஏதோ ஒரு மகானின் காலடி பட்ட ஊர் இது என்று எண்ணக்கூடும். அந்தப் பெயருக்குரியவர் ஓர் ஆளுநர். 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், கம்பெனியின் துணி வணிகத்துக்காகத் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலட் பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கடலூர் மாவட்டம் திட்டக்குடிக்கு அருகில் உள்ள பெரிய நீர்த்தேக்கத்துக்கும் இதே கதைதான். அது வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. மக்கள் அதை வெலிங்டன் ஏரி ஆக்கினார்கள். இன்று அதன் பெயரைச் சொல்பவர்களில் பலர், நெப்போலியனை வென்ற தளபதியின் பெயர் அது என்றே நினைக்கிறார்கள்.

ஆளுநர்களின் பெயர்கள் இப்படிச் சிதைந்தும் திரிந்தும் மண்ணில் நிலைத்துவிடுகின்றன. அவர்கள் எடுத்த முடிவுகள் யாரை எங்கே நிறுத்தின என்பது மட்டும் மறந்துபோகிறது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும், 1931 முதல் 1936 வரை இந்தியாவின் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டனின் வாழ்க்கையைத் தலித் அரசியலின் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. ஆதி திராவிடர்கள் சட்டமன்றத்துக்குள் முதன்முதலாகக் குழுவாக அமர்ந்ததும், புளியந்தோப்பில் அவர்களது குடிசைகள் எரிந்ததும், புனே ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதியை இழந்ததும் அவர் பதவியில் இருந்த காலத்தில்தான்.

பிறப்பே தகுதியான ஒரு வாழ்க்கை

ஃப்ரீமன் ஃப்ரீமன்-தாமஸ் 1866 செப்டம்பர் 12 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட, தாய் மேபல் அவரை வளர்த்தார். மேபலின் தந்தை ஹென்றி பிராண்ட், 1872 முதல் 1884 வரை பிரிட்டிஷ் மக்களவையின் சபாநாயகராக இருந்தவர். பின்னர் ஹாம்ப்டன் பிரபு ஆனார். தாய்மாமன் 1895-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு ஆளுநராகச் சென்றார். ஈட்டன் பள்ளியும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியும் சசெக்ஸ் கிரிக்கெட் அணியும் அந்தப் பிள்ளைக்கு இயல்பாகவே வாய்த்தன.

1892-இல் நடந்த திருமணம் இன்னொரு அரசியல் குடும்பத்தைச் சேர்த்தது. மனைவி மேரி அடிலெய்டின் பாட்டனார் தாமஸ் பிராசி, உலகின் பல நாடுகளில் ரயில் பாதைகளை அமைத்துக் கொடுத்த மாபெரும் ஒப்பந்ததாரர். மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய பல்லாயிரம் கூலிகளின் உழைப்பில் திரண்ட அந்தச் செல்வம், அடுத்த தலைமுறையில் அரசியல் அதிகாரமாக உருமாறியது. மாமனார் பிராசி பிரபு, ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் முன்னாள் உறுப்பினர். 1895 முதல் 1900 வரை விக்டோரியா மாநிலத்தின் ஆளுநர். மருமகன் அவரிடமே மெய்க்காவல் உதவியாளராகப் பணிபுரிந்து ஆளுநர் மாளிகையின் நடைமுறைகளைக் கற்றார். ஊர் திரும்பியதும் 1900-இல், மாமனார் முன்பு வென்ற அதே ஹேஸ்டிங்ஸ் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் வென்றார்.

1906 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சி நாடெங்கும் பெருவெற்றி பெற்றது. அவர் மட்டும் ஹேஸ்டிங்ஸில் தோற்றார். அதனால் அவரது அரசியல் முடிந்துவிடவில்லை; சில மாதங்களிலேயே பாட்மின் இடைத்தேர்தல் வழியாக மீண்டும் மக்களவைக்குள் நுழைந்தார். 1910-இல் வில்லிங்டன் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனையில் பணி கிடைத்தது. 1913-இல் பம்பாய் மாகாணத்தின் ஆளுநர் பதவி வந்தது.

அவர் திறமையற்றவர் என்று சொல்வதற்காக இவை இங்கே பட்டியலிடப்படவில்லை. உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர், தம் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் பலரைவிடத் தாராளமானவர் என்பதே அவரைப் பற்றிய பொதுக்கருத்து. ஆனால் தோல்விக்குப் பிறகும் கதவு திறந்தே இருந்தது. ஒரு பதவி முடியும் முன்பே அடுத்தது காத்திருந்தது. சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் தேவையில்லை. பிறப்பின் வழியே அதிகாரம் பெற்ற ஒருவர், பிறப்பின் காரணமாக எல்லா அதிகாரமும் மறுக்கப்பட்ட மக்களின் அரசியல் நுழைவைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்தார் என்பதே கவனிக்க வேண்டியது.

பம்பாயில் திறந்த கதவு

பம்பாயில் ஐரோப்பியர்களின் கிளப்புகளுக்குள் இந்தியர்கள் நுழைய முடியாத காலம் அது. இரு இனத்தாரும் உறுப்பினராகக்கூடிய கிளப் ஒன்றை வில்லிங்டன் தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றும் மும்பையில் இயங்குகிறது. நிறத்தடையை மீறிய அச்செயல் அன்று துணிச்சலானது. ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் வழக்கறிஞர்களும்தான். அந்த ஆலைகளில் வேலை செய்த மகர் தொழிலாளிக்கு அக்கதவால் எந்தப் பயனும் இல்லை. மேல்தட்டுகளுக்கு இடையிலான சமத்துவமே அவர் அறிந்த சமத்துவம்.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1918-இல் கேடா மாவட்ட விவசாயிகள் வரிகொடா இயக்கம் நடத்தியது அவரது ஆட்சியில்தான். அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் நோக்கில் பம்பாய் நகர மண்டபத்தில் கூட்டப்பட்ட கூட்டத்தை ஜின்னாவும் அவரது ஆதரவாளர்களும் எதிர்த்துக் குலைத்தார்கள். அடுத்த மாதமே, அதே பம்பாயில், இளம் பேராசிரியராக இருந்த அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அரசு விரும்பியவரை நியமிப்பது பிரதிநிதித்துவம் ஆகாது. தீண்டத்தகாதவர்களின் உறுப்பினரைத் தீண்டத்தகாதவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த வாதத்தின் சாரம். அப்போது வில்லிங்டன் பம்பாயை விட்டுப் புறப்பட்டிருந்தார். ஆனால் அந்த வாதம் அவரது எஞ்சிய இந்திய வாழ்க்கை முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தது.

ஐந்து நாற்காலிகள்

1919 ஏப்ரலில் வில்லிங்டன் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு நிறைவேறிய இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம் போன்றவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் சென்றன. காவல், நீதி, நிலவருவாய், தொழிலாளர் விவகாரங்கள் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கி வைக்கப்பட்டன.

புதிய சட்டமன்றத்தில் பிராமணரல்லாதாருக்கு எத்தனை இடம் என்ற கேள்வியில் இரு தரப்பையும் இணங்க வைக்க முடியவில்லை. இறுதியில் மெஸ்டன் பிரபுவின் தீர்ப்புப்படி 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. முதலமைச்சர் பொறுப்பைத் தியாகராய செட்டியார் ஏற்க மறுத்ததால், சுப்பராயலு ரெட்டியாரும் 1921 ஜூலை முதல் பனகல் அரசரும் அப்பதவியை வகித்தனர். அமைச்சர்களை மதித்து, இரு பிரிவினரையும் ஒன்றாக அமர வைத்து ஆலோசித்தவர் என்று வில்லிங்டன் பெயர் பெற்றார். வகுப்புவாரி அரசாணை பிறந்ததும், பெண்கள் வாக்களிக்க எழுந்த தடையை இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னைச் சட்டமன்றம் நீக்கியதும் இந்தக் காலத்தில்தான்.

ஆதி திராவிடர்கள் இதில் எங்கே இருந்தார்கள்? நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் மட்டுமே. நிலவரியோ நகர வரியோ கட்டுபவருக்கே வாக்கு. நிலமற்ற பண்ணையாளுக்கும் துறைமுகக் கூலிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வாக்குச்சீட்டு எட்டாதது. ஆகவே அவர்கள் போட்டியிட்டு வெல்லும் பேச்சே எழவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ஐந்து நியமன இடங்கள். அவற்றில் அமர்ந்தவர்களில் முதன்மையானவர் எம்.சி. ராஜா.

பள்ளி ஆசிரியரான ராஜாவுக்குச் சபாநாயகர் தாத்தாவும் இல்லை, ஆளுநர் மாமனாரும் இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் அவர் சடங்குக்காக அமர்ந்திருக்கவில்லை. இழிவாக வழங்கிய சாதிப் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதி திராவிடர் என்று குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை வென்றெடுத்தார். 1922-இல் அது அரசாணையாயிற்று. 1923-இல் நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அரசு அலுவலகங்களிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிப் புழங்கும் உரிமைக்காக 1924-இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நாற்காலியைத் தந்தது ஆளுநரின் கையாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தும் வழியை இவர்களே கண்டார்கள்.

நியமனத்தின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருந்தது. ஆளுநருக்குப் பிடிக்காதவர் மறுமுறை வர இயலாது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவோ திரும்ப அழைக்கவோ சேரி மக்களுக்கு வழியில்லை. ஆளுங்கட்சிக்கும் இவர்களின் தயவு தேவைப்படவில்லை. இவர்களுக்குப் பின்னால் வாக்கு வங்கி எதுவும் கிடையாது. இரட்டையாட்சிக் காலத்து நீதிக்கட்சி அமைச்சரவைகளில் ஓர் ஆதி திராவிடருக்கும் இடம் கிடைக்கவில்லை. சென்னை மாகாணம் தன் முதல் தலித் அமைச்சரைக் காண 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புளியந்தோப்பில் எரிந்தவை

காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாகத் தென்மேற்கே வந்தால் சில கிலோமீட்டர் தொலைவில் புளியந்தோப்பு. அதை அடுத்த பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. மக்கள் வழக்கில் பின்னி மில். 1918-இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வலுவான களமும் இதுவே. 1921 ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தம் சாதி இந்துத் தொழிலாளர்களையும் முஸ்லிம்களையும் ஒருபுறமும், ஆதி திராவிடர்களில் பெரும்பாலானோரை மறுபுறமும் நிறுத்தியது.

ஆதி திராவிடர்கள் வேலைக்குத் திரும்பியதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இன்னொரு நீண்ட வேலைநிறுத்தம் அவர்களைப் பட்டினியில் தள்ளியிருந்தது. கைமாற்றுக் கொடுக்க உறவுகளோ, திரும்பிப் போக ஊரில் நிலமோ அவர்களுக்கு இல்லை. சங்கத்தின் தலைமையிலும் அவர்களுக்கு உரிய இடம் இல்லை. நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது உண்மை. ஆனால் பிளவை ஆலை நிர்வாகம் உருவாக்கவில்லை, அது ஏற்கெனவே சாதியாக இருந்தது. ஜூன் இறுதியில் புளியந்தோப்பு ஆதி திராவிடர் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மோதல்கள் தொடர்ந்தன. ஆகஸ்ட் இறுதியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

காவலும் தொழிலாளர் விவகாரமும் அமைச்சர்களிடம் இல்லை, ஆளுநரின் பிரிவிடம் இருந்தன என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். குடிசைகளைக் காக்கத் தவறியதும், பிறகு சுட்டதும் வில்லிங்டனுக்கு நேரடியாகப் பொறுப்பான அரசின் கரங்கள்தாம். வீடிழந்தவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் அமைத்ததும் அதே அரசுதான்.

மறுபுறம் நீதிக்கட்சியின் தலைமை, தொழிலாளர் துறை ஆதி திராவிடர்களுக்குக் காட்டிய சலுகையே கலவரத்துக்குக் காரணம் என்றது. அவர்களை நகரத்தை விட்டே அகற்ற வேண்டும் என்ற யோசனையும் தியாகராய செட்டியாரின் பெயரில் எழுந்தது. வீடு எரிந்தவர்களையே ஊரை விட்டு வெளியேறச் சொன்ன அரசியல் எம்.சி. ராஜாவை ஆழமாகப் புண்படுத்தியது. 1923-இல் அவர் நீதிக்கட்சியிலிருந்து விலகினார். தொழிற்சங்கம் கைவிட்டது, கட்சி கைவிட்டது, மிஞ்சியது ஆளுநரின் அரசு மட்டுமே என்ற நிலைக்கு ஒரு மக்கள் கூட்டம் தள்ளப்பட்டது. பின்னாளில் தலித் தலைவர்களைப் பார்த்து ஆங்கிலேயரின் ஆட்கள் என்று ஏளனம் செய்தவர்கள், அவர்களை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வில்லிங்டனின் ஆட்சி நடத்திய தொழிலாளர் துறைக்கு ஒரு பங்களிப்பு உண்டு. பின்னாளைய ஆதி திராவிடர் நலத்துறைக்கு அதுவே முன்னோடி. குடிமனைக்கு இடம் வாங்குதல், கிணறு வெட்டுதல், பள்ளி திறத்தல் ஆகியவை அதன் பணிகள். இவற்றைச் சலுகை என்று வசைபாடியவர்கள் ஒரு விதத்தில் உண்மையைத் தொட்டார்கள், அவர்கள் நினைத்த விதத்தில் அல்ல. அவை உரிமையாக அல்லாமல் சலுகையாகவே வழங்கப்பட்டன. ஆகவே எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடியவையாக இருந்தன.

அதே 1921-இல் மலபாரில் மாப்பிளா கிளர்ச்சி வெடித்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் பகுதி. நவம்பரில் திரூரிலிருந்து அடைத்து அனுப்பப்பட்ட கைதிகள், ரயில் பெட்டிக்குள் காற்றின்றி மூச்சுத் திணறிப் போத்தனூர் வந்து சேர்வதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாராளவாதி என்று போற்றப்பட்ட ஆளுநரின் ஆட்சிக்கு இந்த முகமும் உண்டு.

ஆறு நாட்களும் அடங்காத விசாரணையும்

1924-இல் சென்னையை விட்டுப் புறப்பட்ட வில்லிங்டன், 1926 முதல் 1931 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1931 ஏப்ரலில் வைஸ்ராயாக இந்தியாவுக்குத் திரும்பினார். முன்னவர் இர்வின் காந்தியுடன் பேசியவர். இவர் பேச விரும்பவில்லை. இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பிய காந்தி 1932 ஜனவரி 4 அன்று கைது செய்யப்பட்டார். காங்கிரஸ் தடை செய்யப்பட்டது, அவசரச் சட்டங்கள் குவிந்தன.

அந்த மாநாடுகளில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் எழுப்பிய கோரிக்கைக்கு 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புத் தீர்ப்பு பதிலளித்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதியும், பொதுத் தொகுதியில் இரண்டாவது வாக்கும் கிடைத்தன. தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை, 1919-இல் அம்பேத்கர் கேட்ட அதே உரிமை, முதன்முறையாகக் கைக்கு எட்டியது. சம்பந்தப்பட்ட சமூகங்கள் தமக்குள் உடன்பாடு கண்டால் தீர்ப்பை மாற்றலாம் என்ற வாசகமும் அதில் இருந்தது. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பு தொடங்கியபோது, நாட்டின் முழு அழுத்தமும் அந்த ஒரு வாசகத்தின் வழியே அம்பேத்கரின் தோளில் இறங்கியது. வைஸ்ராயின் அரசு தலைவர்கள் சிறைக்குள் கூடிப் பேச அனுமதித்துவிட்டு விலகி நின்றது. 24-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது, எம்.சி. ராஜாவும் சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டவர்கள். 26-ஆம் தேதி பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. மாகாணங்களில் இடங்கள் 71-லிருந்து 148 ஆக உயர்ந்தன. சென்னைக்கு 18-லிருந்து 30 ஆயின. தனித் தேர்வுரிமை போயிற்று. இடம் நமக்கு, இறுதித் தேர்வு மற்றவருக்கு என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

ஒடுக்கப்பட்டோர் ஒரு பாதுகாப்பைக் கைவிட ஆறு நாட்கள் போதுமானதாக இருந்தன. மாறாகச் சாதி இந்துக்கள் ஒன்றைக் கைவிட வேண்டியபோது காலம் வேறு வேகத்தில் நகர்ந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவர சுப்பராயன் அனுமதி கேட்டார். 1933 ஜனவரியில் வில்லிங்டன் மறுத்தார். இது ஒரு மாகாணம் தனித்துத் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று என்பது சொல்லப்பட்ட காரணம். ரங்க ஐயர் மத்திய சட்டமன்றத்தில் முன்மொழிய அனுமதி கிடைத்தது, ஆனால் இந்துச் சமூகத்தின் கருத்தை விரிவாகக் கேட்டறிய வேண்டும் என்ற நிபந்தனையுடன். 1934-இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. அம்பேத்கருக்கே அம்மசோதாவில் நம்பிக்கை இல்லை. தீண்டாமையைப் பாவம் என்று சொல்லத் துணியாத சட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. எனினும் ஓர் ஆளுநரின் விருப்புரிமை எவருடைய மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் அருகருகே காட்டுகின்றன.

எஞ்சிய கேள்வி

1910-இல் பிரபுவாக ஏறத் தொடங்கிய பட்டங்களின் ஏணியில் வில்லிங்டன் 1936-இல் மார்க்விஸ் என்ற படியை எட்டினார். 1941 ஆகஸ்ட் 12 அன்று லண்டனில் காலமானார். அவரது சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. டெல்லியில் அவர் மனைவியின் பெயரைத் தாங்கிய பூங்கா லோதி தோட்டமாயிற்று. அவர் பெயரில் இருந்த மருத்துவமனை ராம் மனோகர் லோகியாவின் பெயரைப் பெற்றது. கொச்சித் துறைமுகத்தில் ஒரு தீவும், திட்டக்குடியில் திரிந்த பெயருடன் ஓர் ஏரியும் எஞ்சியுள்ளன.

அவரைக் கொடியவர் என்று ஒதுக்குவதாலோ ஆதி திராவிடர்களுக்கு இடமளித்த வள்ளல் என்று போற்றுவதாலோ நமக்குப் பயனில்லை. அவரது ஆட்சி ஓர் ஏற்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது: அதிகாரத்தில் பிறந்தவர் தேர்ந்தெடுப்பார், அதிகாரம் மறுக்கப்பட்டவர் தேர்ந்தெடுக்கப்படுவார். 1920-இல் தேர்ந்தெடுத்தது ஆளுநரின் கையெழுத்து. புனேக்குப் பிறகு அது பொதுத் தொகுதியின் பெரும்பான்மை. இன்று தனித்தொகுதி வேட்பாளரை முடிவு செய்வது பெரும்பாலும் கட்சித் தலைமை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளை 1996 முதல் 2006 வரை முறையாக நிரப்பவே முடியவில்லை. மேலவளவில் வென்று பதவியேற்ற ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். இடத்தை ஒதுக்குவது வேறு, அதில் அமர்பவரின் பின்னே அவரது மக்களின் அதிகாரம் நிற்பது வேறு.

அரசியல் குடும்பத்தின் பலம் எதுவும் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர், கொடுக்கப்பட்ட நாற்காலியில் அமர்ந்து தம் மக்களின் பெயரை மாற்றினார். சாலைக்கும் கிணற்றுக்கும் உரிமை கேட்டவரும் நியமனத்தால் வந்தவரே. அவர்கள் குறைந்த கருவியைக் கொண்டு கூடுதலாகச் செய்தவர்கள். நம் கையில் இன்று வாக்கும் அரசமைப்புச் சட்டமும் இருக்கின்றன. எந்தத் தொகுதியிலும் எந்தக் குழுவிலும் நமக்கு ஓர் இடம் அறிவிக்கப்படும்போது, எத்தனை இடம் என்பதோடு யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.